எதுக்கும் சாரின் பதினான்கு வரிகள்

மூன்று படி இறங்கியதும் அவருடைய கால் தானாக நின்றுவிட்டது. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குடை, தோள்பைக்குள் இன்னொரு குடை. முன்னால் இறங்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூட்டியாச்சுங்க."

"தெரியும், தெரியும்" என்று சொல்லியபடியே மேலே ஏறினார். பூட்டைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அதோடு விட்டால் அவர் அவரில்லை. பையைக் கீழே வைத்தார், சாவியை எடுத்தார், பூட்டைத் திறந்தார், சாவி ஒழுங்காகத்தான் திரும்புகிறது என்று கண்டுகொண்டார், மறுபடி பூட்டினார், மறுபடி இழுத்தார். பூட்டு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைத் திறந்து பார்க்கும் மனிதர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த ஒருவர் இவர்தான்.

"எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கறது நல்லதுதானே?" என்றபடி இறங்கி வந்தார். பேருந்து போயிருந்தது.

இந்த 'எதுக்கும்' அவர் வாயில் ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது வரும். அலுவலகத்தில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. "எதுக்கும் சார் வந்துட்டாரா?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடக்கிறது.

வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, இடுப்பில் பெல்ட், பையில் மாற்று பெல்ட். மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒன்று. மின்னஞ்சல் அனுப்பிய கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு, "மெயில் வந்துச்சா?" என்பார். வந்தது என்று சொன்னாலும் எழுந்து போய் அவர்கள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். காலையில் எழ இரண்டு கடிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று தலைமாட்டில், அது அடிக்காமல் போனால் அடிப்பதற்கு இன்னொன்று கூடத்தில். இரண்டுமே அடிக்காமல் போய்விடுமோ என்ற கவலையில் அவர் அதற்கு அரைமணி முன்பே விழித்துக் கிடப்பார். அவை அடிக்கிற சத்தத்தில் எழுந்து திட்டுவது பத்து வயது மகள்தான்.

வாடகைக் காரில் ஏறினால் இன்னும் வேடிக்கை. பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் பிரேக் மிதிப்பார். அங்கே பிரேக் இல்லை, கால்மிதியடிதான் இருக்கிறது. ஓட்டுநர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் இவர் மிதிப்பதை நிறுத்த மாட்டார். இறங்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது என்று நொண்டுவார்.

அலுவலகம், கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. மொத்தம் ஏழு பேர். அவர்கள் எழுதிய மென்பொருள் ஐந்து டயாலிசிஸ் மையங்களில் ஓடுகிறது. சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடங்கள் அவை. யாருக்கு எந்தப் படுக்கை, எத்தனை மணிக்கு, போன தடவை எடை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்த மென்பொருளில் இருக்கிறது. மென்பொருளையும் தகவல்கள் குடியிருக்கும் சர்வரையும் இணைக்கும் வேலை எதுக்கும் சாருடையது.

ஏழு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை, அப்போதிருந்த ஒற்றை சர்வர் கண்ணை மூடிவிட்டது. நாற்பது நிமிடம் ஐந்து மையங்களிலும் திரை வெள்ளை. எதுக்கும் சார் பக்கத்திலிருந்த மையத்துக்கு ஓடினார். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் கால் வீங்கிய ஒருவர். ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் மடியில் போர்வையை வைத்துக்கொண்டு, "தம்பி, எம்பேரு வந்துருச்சா?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். கோபமே இல்லாமல் ஒன்பது முறை கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எதுக்கும் சாருக்கு இருந்தது. அந்தக் குரல் அவர் நெஞ்சில் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று அங்கே அத்தனை பேரையும் ஞாபகத்திலிருந்தே படுக்கையில் சேர்த்தவர், ஐந்து மையங்களுக்கும் பொறுப்பான தலைமைச் செவிலி. ஐம்பதைத் தாண்டிய, குரலை உயர்த்தத் தேவையே இல்லாத அம்மாள். மறுநாளிலிருந்து அவர் மேசையில் நீளமான நோட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. தினமும் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் செலவழித்து, மறுநாள் பட்டியலைத் திரையிலிருந்து அதில் கையால் எழுதிக்கொள்வார். "உங்க பொட்டி படுத்துக்கிட்டா எம்புள்ளைங்க படுக்க முடியாதே" என்பது அவர் நியாயம். எழுபது வயது நோயாளியும் அவருக்குப் பிள்ளைதான்.

அதற்குப் பிறகுதான் ஒன்று இருந்த இடத்தில் மூன்று சர்வர்கள் வந்தன. ஏற்பாடு எளிமையானது. மூன்றில் ஒன்று தலை. அது எழுதுவதையெல்லாம் மற்ற இரண்டும் அவ்வப்போதே நகல் எடுத்துக்கொள்ளும். தலை சாய்ந்தால், மிச்சமிருக்கும் இரண்டும் பத்து நொடிக்குள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலையாக்கிக்கொள்ளும். மனிதர் கைவைக்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கு மூன்று விலாசங்களையும் அந்தக் கூட்டத்தின் பெயரையும் சொல்லிவிட்டால் போதும். இணைப்புக்கென்றே யாரோ எழுதி வைத்த ஒரு நிரல் இருக்கிறது, தொழிலில் அதை டிரைவர் என்பார்கள். இப்போது தலை யார் என்று விசாரித்து அங்கே கொண்டுபோய் விடுவது அதன் வேலை.

எதுக்கும் சார் மூன்று விலாசங்களையும் எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தார். பிறகு, டிரைவர் என்ற பெயரைக் கேட்டதனாலோ என்னவோ, அவருக்குக் கால் துறுதுறுத்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று சொந்தமாகப் பதினான்கு வரிகள் சேர்த்தார். அவை எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சோதனையும் செய்தார், ஒன்பது முறை. இரண்டாவது சர்வரை நிறுத்திப் பார்த்தார், மூன்றாவதை நிறுத்திப் பார்த்தார். எல்லாம் நன்றாக ஓடியது. தலையாக இருந்த முதல் சர்வரை மட்டும் தொடவில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருக்கறத எதுக்கு வம்புக்கு இழுக்கணும்?" என்றார்.

வம்புக்கு இழுத்தது அக்கா. சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். எதுக்கும் சாரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் அலுவலகமே அக்கா என்றுதான் கூப்பிடும், எதுக்கும் சார் உட்பட. "தலைய நிறுத்திப் பாக்காம அது என்ன சோதனை சார்? தண்ணில எறங்காம நீச்சல் பழகின மாதிரி" என்றார். தலைமைச் செவிலியும் அதையேதான் கேட்டார். என் கண்ணுக்கு முன்னால் ஒரு தடவை விழுந்து எழுந்து காட்டுங்கள், எழுந்தால் நோட்டை மூடிவிடுகிறேன், எழவில்லையென்றால் ஐந்து மையத்திலும் நோட்டுதான், உங்களுக்கு ஒரு கும்பிடு என்று சொல்லிவிட்டார். ஏழு பேருக்கும் அந்த ஐந்து மையங்கள்தான் சோறு.

நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை, பன்னிரண்டரை மணி. காலைச் சுற்று முடிந்து மதியச் சுற்று தொடங்காத, படுக்கைகள் காலியாக இருக்கிற நேரம்.

இந்த ஒத்திகைக்கு அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. நிரலை எழுதியவர் ஒத்திகை முடியும்வரை தளும்பத் தளும்ப டீ ஊற்றிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முன்பொரு தடவை ஒருவர், மேசைக்கு அடியில் விசைப்பலகையை மடியில் வைத்துத் தட்டித் தட்டிச் சரிசெய்துவிட்டு, தானாகவே எழுந்தது என்று சத்தியம் செய்திருக்கிறார். அன்றிலிருந்து டம்ளர் விதி. கீழே சிந்தினால் கைவைக்கப் போனார் என்று கணக்கு.

எதுக்கும் சார் டம்ளரோடு உட்கார்ந்தார். சுவர்த்திரையில் தலைமைச் செவிலி தெரிந்தார். அக்கா ஒரே ஒரு விசையைத் தட்டினார். முதல் சர்வர் போனது. அக்காவின் திரையில் எட்டாவது நொடி இரண்டாவது சர்வர் தலையாகிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் தலைமைச் செவிலியைப் பார்த்தார்கள்.

"சுத்துது" என்றார் அவர். "சுத்திக்கிட்டே இருக்கு."

இருபது நொடி. முப்பது நொடி.

"ஏதோ எழுத்து வருது. 'பாதுகாப்பு கருதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'" கண்ணாடியைக் கழற்றி நேராகப் பார்த்தார். "யாரோட பாதுகாப்புக்குங்க?"

அந்த வாக்கியத்தை எழுதியவர் எதுக்கும் சார்தான். டம்ளரிலிருந்து டீ அவர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் போனது. சுட்டது.

"அடுத்த வியாழன் இன்னொரு தடவ பாக்கறேன்" என்றார் தலைமைச் செவிலி. "அன்னிக்கும் இப்படின்னா எனக்கு என் நோட்டே போதும். கோச்சுக்காதீங்க."

பிறகுதான் அந்தப் பதினான்கு வரிகளைக் கண்டுபிடித்தார்கள். எந்த வேலைக்கும் முன்னால் முதல் சர்வரின் கதவைத் தட்டி, 'இருக்கியா?' என்று கேள்; பதில் வரவில்லையா, ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிடு. இவ்வளவுதான் அந்த வரிகள் சொன்னது. செத்துப்போன சர்வரின் வாசலில் நின்று அது முப்பது நொடி தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் புதுத் தலை விளக்கேற்றிக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

"இது யாரு எழுதினதுன்னு கேக்க மாட்டேன்" என்றார் அக்கா.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்..."

"சார், விலாசம் மூணும் கரெக்டா குடுத்திருக்கீங்க. தலை யாருன்னு டிரைவர் பாத்துக்கும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு ஆள எதுக்கு நிறுத்தினீங்க? மூணு வாசல் வச்சு, காவலுக்குப் போட்ட ஆளு ஒரு வாசல மட்டும் பாத்துக்கிட்டு நிக்கறான்."

வேலியே பயிரை மேய்ந்த கதை. எதுக்கும் சாருக்கு முகம் தொங்கிப்போனது. கவனக்குறைவால் தப்பு செய்தவர் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியாது. அதுதான் அவரை அதிகமாக வாட்டியது.

அழிப்பது ஒரு நொடி வேலை. அவருக்கு நான்கு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை, "மூணு கதவையும் தட்டற மாதிரி மாத்திடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. சனிக்கிழமை அலுவலகத்துக்கு லீவு. ஆனாலும் போன் வந்தது. "அழிக்காம, ஓடாத மாதிரி மட்டும் வச்சுக்கலாமா?" அக்கா போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். மனைவி கண் பரிசோதகர், எதையும் இரண்டு முறை காட்டி எது தெளிவு என்று கேட்பது அவர் தொழில். கேட்டு முடித்ததும் சிரித்துவிட்டார். கை கழுவப் போய், அங்கே நின்றும் சிரித்தார்.

"இதுல என்ன சிரிப்பு?"

"நம்ம வீட்டுக் கதவு ஞாபகம் வருது."

அது போன வருடம் நடந்தது. வழக்கம்போல் மூன்று படி இறங்கி, ஏறிவந்து, பூட்டைத் திறந்திருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். வீடு பகல் முழுக்கத் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா வாசலில் நாற்காலி போட்டு, மாலைவரை அங்கேயே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் காவல் காத்தார்.

"நான் பூட்டினா பூட்டினதுதான்" என்றார் மனைவி. இப்போது சிரிக்கவில்லை. "அத நம்பாம நீங்க போய்த் தொறந்து பாத்ததுலதானே வீடு தொறந்து கெடந்துச்சு?"

பதினேழு வருடமாக இந்த அம்மாள் பூட்டுகிற பூட்டைத் தான் ஒரு நாளும் நம்பியதில்லை என்பது எதுக்கும் சாருக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அந்த மெக்கானிக் பெரியவரு ஒன்பது தடவ கேட்டாரு" என்றார் மெல்ல. "அதுக்கப்புறம்தான் அத எழுதினேன்."

"அவருக்காக எழுதினது சரி. அவருக்காகவே அழிச்சுடுங்க."

திங்கட்கிழமை அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பதினான்கு வரிகளையும் அழித்தார். அழிக்கும் முன் ஒரு நகல் எடுத்துத் தன் கணினியில் வைத்தார், அந்த நகலுக்கு ஒரு நகல் மின்னஞ்சலில். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். தலை மாறுகிற அந்தச் சில நொடிகளில் போகிற வேண்டுகோள் தொலைந்துவிடாமல் இருக்க, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும்படி எழுத வேண்டியிருந்தது.

"எத்தன தடவ மறுபடி கேக்கணும்?" என்றார்.

"ஒரு தடவ போதும்."

"எதுக்கும் ஒரு அஞ்சு..."

"ஒண்ணு சார்."

வியாழன் வந்தது. முதல் சர்வரை மறுபடி தலையாக்கி வைத்திருந்தார் அக்கா. டீ போட்டவர் போன தடவை சிந்திய வன்மத்தில் டம்ளரை விளிம்புவரை நிரப்பியிருந்தார். எதுக்கும் சார் அதைத் தூக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டார். சுவர்த்திரையில் தலைமைச் செவிலி. நோட்டு அவர் மேசையில் திறந்தே இருந்தது.

"சும்மா பாத்துக்கிட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். "மெக்கானிக் அண்ணன் ஏழாம் படுக்கை. அவர மூணுக்கு மாத்தறேன். நான் சேமின்னு தட்டும்போது நீங்க நிறுத்துங்க."

எதுக்கும் சார் டம்ளரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அத்தனை நோயாளிகளில் அவர் பெயர்தானா கிடைக்க வேண்டும்?

செவிலி தட்டினார். அக்கா தட்டினார். முதல் சர்வர் போனது.

"சுத்துது" என்றார் செவிலி. நாடி பார்த்துப் பழகிய கை, இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தது. "நாலு. அஞ்சு. ஆறு."

எதுக்கும் சாரின் வலது கால் மேசைக்கு அடியில் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் அசையவில்லை. அழித்த பதினான்கு வரிகளும் கண்முன் வரிசையாக வந்து போயின.

"ஒம்போது. பத்து. பதினொண்ணு." கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார். "வந்துருச்சு."

"பேரு?" என்றார் எதுக்கும் சார். "அவரு பேரு வந்துருச்சா சிஸ்டர்?"

"வந்துருச்சுங்க. மூணாம் படுக்கை. எடை, மருந்து எல்லாம் சரியா இருக்கு."

யாரோ கைதட்டினார்கள். அக்கா பெரிய மூச்சாக விட்டார். தலைமைச் செவிலி நோட்டை மூடி, எழுந்து, அலமாரியைத் திறந்தார். எதுக்கும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை இல்லை.

"சிஸ்டர், அந்த நோட்டு..." என்று இழுத்தார்.

"என்ன?"

"தூக்கிப் போட்டுடாதீங்க. எதுக்கும் இருக்கட்டும்."

அலுவலகம் சிரித்த சிரிப்பில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்த்திருப்பார். தலைமைச் செவிலிகூடச் சிரித்தார். அன்று ஏழு மாதங்களில் முதல் முறையாக ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனாராம்.

வீட்டில் கதையைச் சொன்னபோது, சர்வர், டிரைவர் எல்லாவற்றையும் மனைவி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். டம்ளர் விதியை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஏன் என்று எதுக்கும் சாருக்கு அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை காலை மகளுக்கு நீச்சல் போட்டி. போன இரண்டு போட்டிக்கும் இந்தக் குடும்பம் தாமதமாகப் போய், பரிசளிப்பைத்தான் பார்த்தது. மூவரும் கிளம்பி வாசலுக்கு வந்தார்கள். மனைவி கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைத் தன் கைப்பையில் போட்டார். மகள் பின்னால் மறைத்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். விளிம்புவரை டீ ஊற்றிய டம்ளர்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கப்பா. கார் வரைக்கும் சிந்தக் கூடாது."

எதுக்கும் சார் மனைவியைப் பார்த்தார். மனைவி படிகளைப் பார்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். அவரும் இறங்கினார். ஒரு படி. இரண்டு படி. மூன்றாவது படியில் கால் நின்றது. கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அப்பா!" என்றாள் மகள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி அவர் மூன்று படியும் பின்னோக்கி ஏறி, டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பூட்டை முழங்கையால் ஒரே ஒரு முறை மெல்ல இடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.